பேச்சு அறாத ஓட்டம்

திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் மார்க்கமாகச் செல்லும் ரயிலில் ஜன்னலோரமாக அமர்ந்து பிரயாணம் செய்பவர், ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு நாடுகளைப் பார்த்துவிட்டதாக எண்ணுவதற்கு இடமுண்டு. ஸ்ரீரங்கத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் பசுமையில் ஆழ்த்திவைத்திருக்கும் நெல்லும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் பின்தங்கிவிட, காவிரியின் வாய்க்கால்கள் ஏற முடியாத மேட்டு நிலம் தொடங்குகிறது. செம்மண்ணும் சரளையும், கடலைக் கொல்லையும் சோளக் காடும், வரப்போரம் தனித்தனியே நிற்கும் பனைகளும், மழை பெய்தால் நிரம்பி மற்றக் காலமெல்லாம் வெடித்துக் கிடக்கும் குளங்களும், தொலைவில் மொட்டைப் பாறைக் குன்றுகளுமாக, வானம் பார்த்த பூமிக்குரிய சகல லட்சணங்களோடும் மணப்பாறை வந்து சேர்கிறது. 1875-ஆம் ஆண்டில் மதுரை வரையில் போடப்பட்ட இருப்புப்பாதையில் அமைந்த இவ்வூருக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையிலுள்ள தூரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்.

இந்த 40 கிலோமீட்டருக்கு ஒரு விசேஷம் உண்டு. 1896-ஆம் ஆண்டில் நவீன ஒலிம்பிக் பந்தயங்கள் ஏதென்ஸ் நகரில் முதன்முதலாக நடைபெற்றபோது, மராத்தான் என்னும் ஊரிலிருந்து ஏதென்ஸ் மைதானம் வரையில் ஓடும்படி விதிக்கப்பட்ட தூரமும் ஏறக்குறைய இவ்வளவே. ஸ்பிரிடன் லூயிஸ் என்ற கிரேக்க இளைஞர் அதை மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடி வெற்றி பெற்றார். பின்னர் 1908-இல் லண்டன் ஒலிம்பிக்கில், விண்ட்ஸர் அரண்மனையில் தொடங்கி மைதானத்தில் அரச குடும்பத்தாரின் ஆசனத்துக்கு எதிரே முடியும்படி பாதையை அமைத்ததனால் தூரம் 42.195 கிலோமீட்டராக நீண்டது. 1921-இல் அதுவே உலகமெங்கும் நிரந்தர அளவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. நம் நாட்டவரும் இதில் பிந்தியவர்கள் அல்லர். 1920-இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கின் மராத்தானில் ஃபதேப்பா சௌகுலே 19-ஆவதாக வந்தார். 1978-இல் ஜலந்தரில் சிவநாத் சிங் 2 மணி 12 நிமிஷத்தில் ஓடி முடித்த சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தியாவில் அசைக்க முடியாததாக நின்றது.

ஆனால் மகாவீரர்களின் கதை வேறு; ஓய்வுநாளில் நான்கு சிநேகிதர்கள் கூடி, பரிசையும் பதக்கத்தையும் கருதாமல், நாட்டுப்புறத்துப் பாதைகளைப் பார்த்துக்கொண்டே நெடுந்தூரம் ஓடிவரும் வழக்கத்தின் கதை வேறு. இப்பொழுது இந்த இரண்டாவது வகை ஓட்டம் நம் நாட்டில் நன்றாக வேரூன்றிவிட்டது. விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லில் 2008-ஆம் ஆண்டில் தொடங்கிய மராத்தான், காட்டினூடே செல்லும் செம்மண் தடங்களில், போட்டியைக் காட்டிலும் ஓடுவதன் ஆனந்தமே பெரிது என்னும் கொள்கையோடு நடத்தப்படுவது. மைசூருக்கு அருகே ஸ்ரீரங்கப்பட்டணத்தில், ரங்கனதிட்டுப் பறவைகள் சரணாலயத்தின் பக்கமாகக் காவிரிக் கால்வாயின் கரையோடு ஓடும் பந்தயமும் அந்த ரகத்தைச் சேர்ந்ததே. மணப்பாறைச் சீமைக்கு அடுத்த புதுக்கோட்டை மாவட்டமோ, இதே போன்ற வறண்ட மண்ணிலிருந்து நெடுந்தூர ஓட்டக்காரர்களையே தேசத்துக்கு அளித்திருக்கிறது. 2016-இல் குவாஹாட்டி தெற்காசியப் போட்டிகளில் 5,000, 10,000 மீட்டர் ஓட்டங்கள் இரண்டிலும் தங்கம் வென்ற சூர்யாவும், 2017-இல் புவனேசுவரத்தில் அதே இரண்டு தூரங்களில் ஆசியப் பட்டம் வென்ற லட்சுமணனும் அம்மாவட்டத்தவர்கள்.

சிநேகிதர்களோடு ஓடுவது மனத்துக்கு இன்பம் தரும் என்பதை ஒருவர் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சிநேகிதம், குறிப்பாக ஓடும்போது அவர்களுக்குள் நடைபெறும் சாதாரணப் பேச்சு, சரீர சாஸ்திர ரீதியாக ஒரு நுண்ணிய அளவுகருவியாகவும் வேலை செய்கிறது என்பதும், வெப்பம் மிகுந்த நமது நாட்டில் வேறெந்தக் கருவியைக் காட்டிலும் அதுவே நம்பத்தக்கது என்பதும் அவ்வளவாகக் கவனிக்கப்படாத விஷயங்கள். அவற்றை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், மணப்பாறைச் சாலை ஒன்றில் ஓடுகிற மனிதனுடைய தேகத்தினுள்ளே எரிபொருளும் உஷ்ணமும் சுவாசமும் எவ்வாறு ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன என்பதை முதலில் பார்த்தல் வேண்டும்.

எரிபொருளிலிருந்து தொடங்குவோம். சமதரையில் ஓடுபவன், மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும், தன் எடையில் கிலோ ஒன்றுக்குக் கிலோமீட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோகலோரி சக்தியைச் செலவிடுகிறான் என்பதை இத்தாலிய விஞ்ஞானி ரொடால்ஃபோ மார்கரியாவும் அவருடைய கூட்டாளிகளும் 1963-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நிலைநாட்டிற்று. அந்தக் கணக்குப்படி 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு முழு மராத்தானுக்குச் சுமார் 2,500 கிலோகலோரி வேண்டும். இதைக் கொடுப்பதற்குத் தேகத்தில் இரண்டு சேமிப்புகள் இருக்கின்றன. ஒன்று, தசைகளிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளாகத் தங்கியிருப்பது. அது எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய அரைக் கிலோ, அதாவது 2,000 கிலோகலோரி அளவினது. மற்றொன்று கொழுப்பு, சாதாரணமான உடற்கட்டுள்ளவரிடத்திலும் இருபத்தைந்து மராத்தான்களுக்குப் போதுமான அளவு அது இருக்கிறது. கிளைக்கோஜன் மடியிலுள்ள ரொக்கம்; கொழுப்பு கிராமத்திலுள்ள நிலபுலம். ரொக்கத்தை நினைத்த மாத்திரத்தில் எடுத்துச் செலவிடலாம், ஆனால் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். நிலம் ஏராளமாயிருந்தாலும் அவசரத்துக்கு விற்றுப் பணமாக்க முடியாது.

இந்த இரண்டில் எதை எவ்வளவு எடுப்பது என்பதை நிர்ணயிப்பது ஓட்டத்தின் வேகம். நிதானமாக ஓடும்போது கொழுப்பின் பங்கு அதிகம்; வேகம் ஏற ஏற, அதே அளவு பிராணவாயுவைக் கொண்டு சற்று அதிகமான சக்தியைத் தருவதும், விரைவில் எரியக்கூடியதுமான கிளைக்கோஜனின் பங்கு அதிகமாகிறது. தொடக்கத்தில் உற்சாக மிகுதியால் வேகமாக ஓடிவிட்டவர்களுக்கு, 30-ஆவது கிலோமீட்டரை ஒட்டிக் கால்கள் திடீரென்று சொன்னபடி கேளாமற் போவதும், தலை கனத்து உலகமே வெறுத்துவிடுவதும் இதனாலேயே. தூரத்துக்கான மொத்தச் செலவை வேகம் அவ்வளவாக மாற்றுவதில்லை. செலவு எந்தச் சேமிப்பிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதையே அது மாற்றுகிறது.

மணப்பாறையைப் பற்றிப் பேசிவிட்டு முறுக்கைப் பற்றிப் பேசாதிருப்பது நியாயமாகாது. ரயில் பிரயாணிகளின் மூலமாக ஊர் ஊராகப் பெயர் பரவி, 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றுவிட்ட இந்தப் பண்டம் பெரும்பாலும் அரிசி மாவினாலானது. எண்ணெய்ச் சட்டியில் அரைவேக்காடாகப் பொரித்தெடுத்து, ஆறவைத்து, மறுபடியும் எண்ணெயில் இட்டு நன்றாகச் சிவக்கவிடும் இரட்டைப் பொரிப்பு அதன் தனிமுறை. முதற் பொரிப்பில் ஓரங்கள் இறுகி நடுவில் ஈரம் தங்கியிருந்த சுருள், இரண்டாம் பொரிப்பில் சலசலப்பு அடங்கும் வரையில் தன் நீரையெல்லாம் இழந்து மொறுமொறுப்பாகிறது. அரிசியின் மாவுச்சத்து கிளைக்கோஜனாக மாறக்கூடியதே. ஆயினும் எண்ணெயில் ஊறிய பொருள் இரைப்பையை விட்டு மெதுவாகவே கீழிறங்குமாதலால், ஓடும்போது அது உதவாது. ஓட்டத்துக்கு முந்தைய இரண்டொரு நாளில் வயிறார உண்ணும் சோறும் இட்டலியும், ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்துக் கிடைக்குமாறு இடையிடையே தின்னும் வாழைப்பழமும் வெல்லத் துண்டும் செய்யும் வேலையை முறுக்கு செய்வதில்லை. உப்பும் மாவும் ஒருங்கே வேண்டியிருக்கும் ஓட்டத்தின் முடிவே அதற்குத் தக்க சமயம்.

எரிபொருளைக் காட்டிலும் பெரிய பிரச்சினை உஷ்ணம். தசைகள் எரிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்கு கூட ஓட்டமாக மாறுவதில்லை, மற்றதெல்லாம் வெப்பமாகிறது. 60 கிலோ மனிதர் ஐந்து மணி நேரத்தில் மராத்தானை முடிப்பதாக வைத்துக்கொண்டால், மணிக்கு 400 கிலோகலோரி வெப்பம் அவருடைய உடலினுள்ளே உண்டாகிறது. அது வெளியேற வழியே இல்லாவிட்டால், அவருடைய உஷ்ணநிலை ஒரு மணி நேரத்தில் 8 டிகிரி செல்ஷியஸ் உயர வேண்டும்; அரை மணிக்குள் உயிருக்கே ஆபத்து வந்துவிடும். அப்படி நேராமல் காப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச்செல்கிறது. ஆவியாக வேண்டும் என்பதே முக்கியம். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. கடற்கரையூர்களில் காற்றிலுள்ள ஈரம் ஆவியாதலைத் தடுக்கிறது. உள்நாட்டு மணப்பாறையின் வறண்ட காற்று அதற்கு இடங்கொடுக்கிறது. ஆயினும் கோடையில் காற்றின் வெப்பம் தோலின் வெப்பமான 35 டிகிரியைத் தாண்டிவிடும்போது, காற்றே உடலுக்கு உஷ்ணம் ஊட்டத் தொடங்குவதால், வியர்வை ஒன்றின்மேலேயே முழுப் பாரமும் விழுகிறது.

இந்தக் குளிர்விக்கும் சக்தியில் மனிதனுக்கு நிகரான பிராணிகள் மிகக் குறைவு. மருதகாசி எழுதிய ஒரு திரைப்பாடலினால் தமிழகமெங்கும் அறியப்பட்டுவிட்ட மணப்பாறை மாடுகளையே எடுத்துக்கொள்ளலாம். வெகு தூரத்திலிருந்து வெயிலில் வேகமாக ஓட்டிவரப்பட்டு வாரச் சந்தைக்குள் நுழையும் காளையைக் கிட்ட நின்று கவனித்தால், விலாப்புறம் விம்மி விம்மித் தணிவதையும், மூக்குத்துளைகள் விரிந்து நிற்பதையும், வாயோரத்திலிருந்து நுரை கயிறாக இறங்குவதையும் காணலாம். மாட்டுக்கும் வியர்வை உண்டெனினும், அதைக் கொண்டு மட்டும் அது தப்ப முடியாமல் இரைத்து இரைத்தே வெப்பத்தைப் போக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ரோமம் குறைந்த மனிதனுக்கோ இருபது லட்சத்திலிருந்து நாற்பது லட்சம் வரையில் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலாகவும் அவை சுரக்க வல்லவை. ஆகவே குளிர்ச்சியின் பொருட்டு அவன் இரைக்க வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை.

இதைவிட நுட்பமான ஒரு வேற்றுமையும் உண்டு. டென்னிஸ் பிராம்பிள், டேவிட் கேரியர் என்னும் இரு விஞ்ஞானிகள் 1983-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, நாலு கால் பிராணிகள் பாய்ந்தோடும்போது ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்று கட்டுப்பட்டிருக்கின்றன. முன்னங்கால்கள் தரையில் இறங்கும் அதிர்ச்சியை மார்புக்கூடு தாங்க வேண்டியிருப்பதாலும், குடல் முதலிய உள்ளுறுப்புகள் முன்னும் பின்னும் மோதுவதாலும், காலுக்கு வேறாக மூச்சுக்கு ஒரு தாளம் அவற்றுக்குக் கிடையாது. இரண்டு கால்களில் நிமிர்ந்து ஓடும் மனிதனுக்கு அந்தக் கட்டு தளர்ந்துவிட்டது. நாலு அடிக்கு ஒரு மூச்சு, மூன்று அடிக்கு ஒன்று, இரண்டு அடிக்கு ஒன்று என்று சமயத்துக்கேற்ப அவன் மாற்றிக்கொள்கிறான். மூச்சு காலிலிருந்து விடுதலை பெற்றதே பின்னாளில் பேச்சு உண்டாவதற்கும் வழிவகுத்திருக்கலாம் என்று ஊகிப்பவர்கள் உண்டு. அது எவ்வாறாயினும், ஓடிக்கொண்டே சிநேகிதனுக்கு ஒரு கதை சொல்வது காளைக்கும் குதிரைக்கும் அமைப்பினாலேயே மறுக்கப்பட்டதும், மனிதனுக்கு மட்டும் வாய்த்ததுமான ஆற்றல் என்பதில் ஐயமில்லை.

இனி அந்தக் கதையைச் சற்றுக் கூர்ந்து கேட்போம். தை மாதத்து விடியற்காலையில், மணப்பாறையை விட்டு ஒரு கிராமச் சாலையில் ஓடத் தொடங்கும் சிநேகிதர்களுள் ஒருவர், தம் உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் நேர்ந்த ஒரு தகராற்றை விவரித்துக்கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதற் சில கிலோமீட்டர்களில் வாக்கியங்கள் முழுமையாக, உபகதைகளோடும் வருகின்றன. சாலை மேடேறும் இடத்திலோ, வெயில் முதுகில் உறைக்கும் வேளையிலோ, வாக்கியம் நடுவில் அறுந்து, ஒரு மூச்சு வாங்கியபின் தொடர்கிறது. அப்படியும் வேகத்தைக் குறைக்காவிட்டால், கதையின் முக்கியமான கட்டம் வந்தும் அவர் வாயிலிருந்து “ஆமாம்”, “அப்புறம்” என்ற ஒற்றைச் சொற்களே வருகின்றன; கேட்பவர்களும் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

இதற்குக் காரணம் இரத்தத்தின் ரசாயனம். பேசுவதற்குச் சட்டென்று காற்றை உள்ளிழுத்து, நெடுநேரம் சிறுகச் சிறுக வெளிவிட வேண்டும். உழைப்பு ஓர் எல்லைக்குள் இருக்கும் வரையில், பிராணவாயுவின் தேவைக்கு ஒத்தபடி சுவாசம் படிப்படியாகவே உயர்வதால் பேச்சுக்கு அவகாசம் இருக்கிறது. எல்லை கடந்ததும், தசைகளில் மிகுதியாக உண்டாகும் அமிலத்தை இரத்தத்திலுள்ள பைகார்பனேட் அடக்க முற்படுகிறது. அதன் விளைவாக உபரியாகக் கரியமிலவாயு பிறக்கிறது. அதை வெளியேற்றும்படி மூளையின் சுவாச நிலையம் நெருக்குகிறது. பேச்சுக்கும் மூச்சுக்கும் போட்டி நேர்ந்தால் மூச்சே வெல்லும். ஆகவே வாக்கியம் அறுபடுகிற இடம், கிளைக்கோஜன் வேகமாகக் கரையத் தொடங்குகிற இடத்துக்கு வெகு சமீபமானது. விளையாட்டு மருத்துவர்கள் இப்பொழுது ‘பேச்சுச் சோதனை’ என்ற பெயரால் இதை அங்கீகரித்து, நோயிலிருந்து தேறிவருபவர்களுக்குக் கூட இதையே அளவாகச் சொல்லுகிறார்கள்.

கைக்கடிகாரம் வேகத்தைக் காட்டுகிறதே, அது போதாதா என்று கேட்கலாம். வெயில் ஏறும்போது, உடல் தன் இரத்தத்தில் ஒரு பகுதியைத் தசைகளிலிருந்து தோலுக்குத் திருப்புகிறது. வியர்வையினால் இரத்தத்தின் அளவும் குறைகிறது. ஆகவே அதே வேகத்தில் ஓடுவதற்கே இருதயம் முன்னைக் காட்டிலும் வேகமாகத் துடிக்க வேண்டியதாகிறது. கடிகாரம் காலையில் காட்டிய வேகத்தையே ஒன்பது மணிக்கும் காட்டும். ஆனால் உடலுக்கு அது முன்னைய வேகமன்று. மேடு, மணல், தூக்கமின்மை, பசி ஆகிய எதையும் கடிகாரம் அறியாது. கெட்டித் தரையைக் காட்டிலும் உலர்ந்த மணலில் ஓடுவதற்கு ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது. இறங்கும் ஒவ்வோர் அடியிலும் குதிகால் தசைநாணும் உள்ளங்கால் வளைவும் நீண்டு சுருங்கித் திருப்பித் தரும் சக்தியை மணல் விழுங்கிவிடுவது அதற்கு ஒரு காரணம். காட்டாற்றுப் படுகையில் இறங்கி ஏறும் வண்டிப்பாதையில் இதையெல்லாம் கூட்டிக் கழித்து ஒரே விடையாகச் சொல்லக்கூடியது அறுபடாத வாக்கியம் ஒன்றுதான்.

தோழமைக்கு வேறு பயன்களும் சொல்லப்படுகின்றன. 1971-இல் கிரிஃபித் பியூ என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, வேகமாக ஓடுபவர் மற்றொருவரின் பின்னே நெருங்கி ஓடினால் காற்றின் எதிர்ப்பு வெகுவாகக் குறைகிறது என்று காட்டினார். 2019-இல் வியன்னாவில் கென்ய வீரர் எலியுட் கிப்சோகே 1 மணி 59 நிமிஷம் 40 விநாடியில் மராத்தான் தூரத்தை முடித்தபோது, மாறி மாறி அவரைச் சூழ்ந்து ஓடிய 41 துணைவர்கள் செய்த உதவியும் பெரும்பாலும் இதுவே. மெதுவாக ஓடும் நமக்குக் காற்றினால் வரும் நஷ்டமும் அற்பம், அதைத் தடுப்பதனால் வரும் லாபமும் அற்பம். நமக்குப் பொருந்தக்கூடியது வேறொரு பரிசோதனை. ஆக்ஸ்ஃபோர்டு சர்வகலாசாலையின் படகுக் குழுவினர் 12 பேரைத் தனித்தனியாகவும் கூட்டாகவும் ஒரே அளவு துடுப்புப் பயிற்சி செய்யவைத்து, 2010-இல் வெளியிட்ட முடிவின்படி, கூட்டாக உழைத்தபின் அவர்களுடைய வலி தாங்கும் சக்தி அதிகமாயிருந்தது. மூளையில் ஊறும் எண்டார்ஃபின் என்னும் பொருளின் வேலை அது என்று பரிசோதனையை நடத்தியவர்கள் கருதினார்கள்.

இதில் ஆதாயத்தோடு ஓர் அபாயமும் கலந்திருக்கிறது. பிறர் பக்கத்திலிருந்தால் மனிதன் தன்னையறியாமல் வேகம் கூட்டுகிறான் என்பதை, சைக்கிள் பந்தயக் கணக்குகளைக் கொண்டு நார்மன் டிரிப்லெட் என்பவர் 1898-இலேயே எடுத்துக்காட்டியிருக்கிறார். வலி மங்கி, வேகமும் கூடுமானால், நால்வர் கூடி ஓடுவது ஒருவர் தனியே ஓடுவதைக் காட்டிலும் ஆபத்தாகவே முடியக்கூடும். அந்தத் தீங்கைத் தடுக்கும் மாற்றும் தோழமையினிடத்திலேயே இருக்கிறது. மௌனமாகச் சேர்ந்து ஓடுபவர்கள் ஒருவரையொருவர் துரத்துகிறார்கள். பேசிக்கொண்டு ஓடுபவர்கள் ஒருவரையொருவர் கட்டுப்படுத்துகிறார்கள்.

தண்ணீர் விஷயத்திலும் நிதானம் வேண்டும். கருநிறப் பனியன் அணிந்து ஓடியவர் நிழலில் சற்று உட்கார்ந்தபின் பார்த்தால், முதுகிலும் அக்குளோரத்திலும் வெள்ளை வெள்ளையாக வளைகோடுகள் படிந்திருக்கும். விரலால் சுரண்டினால் உப்பாக உதிரும். ஒரு லிட்டர் வியர்வையோடு சராசரியாக 2 முதல் 3 கிராம் வரையில் உப்புப் போய்விடுகிறது. இழந்ததற்கு மேலாக வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தின் சோடியம் நீர்த்துப்போய், மூளை வீங்கும் அபாயம் உண்டாகும். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மராத்தானில் ஓடியவர்களுள் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்த மருத்துவர்கள், அவர்களில் 100-க்கு 13 பேரிடம் சோடியம் குறைந்திருந்ததைக் கண்டார்கள். ஓட்டத்தின் முடிவில் எடை குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுமே இதற்கு அதிகமாக ஆளானார்கள். தாகத்துக்குத் தக்கபடி குடிப்பதே உத்தமம். இளநீரில் பொட்டாசியம் மிகுதியே தவிரச் சோடியம் குறைவு. உப்பிட்ட நீர்மோர் நம் வியர்வைக்கு அதைக் காட்டிலும் பொருத்தமானது.

பேச்சு உயிரையே காக்கும் சந்தர்ப்பமும் ஒன்றுண்டு. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி மூளை பாதிக்கப்படும் நிலையே உஷ்ண மூர்ச்சை. அதற்கு ஆளாகிறவரால் தமக்கு நேர்வதை உணர முடிவதில்லை. பாதிக்கப்படுவது அறிவாகையால், தாம் நன்றாகவே இருப்பதாக அவர் சாதிக்கவும் கூடும். ஆனால் கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத விடை வருவதையும், சொன்னதையே திரும்பச் சொல்வதையும், நாக்குக் குழறுவதையும், காரணமின்றிச் சீறிவிழுவதையும் பக்கத்தில் ஓடுபவர் உடனே கண்டுகொள்கிறார். அப்பொழுது செய்ய வேண்டியது, ஆஸ்பத்திரிக்கு ஆள் சொல்லி அனுப்பிவிட்டு, வண்டி வருமுன்பே குளிர்விக்கத் தொடங்குவது. மணப்பாறைப் பக்கத்துக் கிணற்றுப் பம்புசெட்டுகளின் முன்னுள்ள சிமெண்டுத் தொட்டி இதற்கு மிகவும் உகந்தது. தலை நீருக்கு மேலே இருக்கும்படி ஒருவர் பிடித்துக்கொள்ள, கழுத்தளவு அமிழ்த்திவைப்பதைக் காட்டிலும் விரைவான சிகிச்சை மருத்துவமனையிலும் இல்லை. தனியே ஓடுபவருக்குத் தொட்டி பக்கத்திலிருந்தும் பயனில்லை.

ஆகையால் இச்சீமையில் சிநேகிதர்களுடன் நெடுந்தூரம் ஓட விரும்புகிறவர்களுக்குச் சாஸ்திரம் கூறும் யோசனைகள் சிலவே. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரையிலுள்ள காலத்தைத் தேர்ந்தெடுத்து, விடியுமுன் புறப்பட்டு, வெயில் உறைக்குமுன் முடித்துவிட வேண்டும். பல மாதங்கள் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழகியிருக்க வேண்டும்; குளிர்ப்பிரதேசங்களிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள், வியர்வை சீக்கிரம் சுரக்கவும் அதில் உப்புக் குறையவும் உடல் பழகிக்கொள்ளும் பொருட்டு, பத்துப் பதினான்கு நாட்களாவது இங்கே நிதானமாக ஓடிப்பார்க்க வேண்டும். இருதய நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கூட்டத்திலே மிகவும் மெதுவாக ஓடுபவர் எவரோ அவருடைய வாக்கியம் அறுபடாத வேகமே அனைவருடைய வேகமாகவும் இருத்தல் வேண்டும்.

வெற்றியை நாடுகிற வீரன் இந்த எல்லையைக் கடந்தே தீர வேண்டும். அவனுக்குப் பேச நேரமில்லை, பேசுவதற்கு ஆளும் தேவையில்லை. இயற்கையைப் பார்க்கவும் ஆரோக்கியத்தை வளர்க்கவும் ஓடுகிற மற்ற எல்லோருக்கும், உலகத்து விளையாட்டுச் சாமான் கடைகளெல்லாம் இதுவரையில் விற்பனைக்குக் கொண்டுவர முடியாத ஒரு கருவி சிநேகிதத்தின் வடிவில் இனாமாகக் கிடைத்திருக்கிறது. ஆகவே நெடுந்தூர ஓட்டத்துக்கு ஆயத்தம் செய்கிறவர்கள், விலையுயர்ந்த காலணியையும் கடிகாரத்தையும் தேடி அலைவதற்கு முன்னால், வாய் ஓயாமல் பேசுகிற ஒரு நண்பரைத் தேடிக்கொள்வதே விஞ்ஞானத்துக்கு ஒத்த காரியம். அவர் சற்று மந்தமாக ஓடுகிறவராயும் வாய்த்துவிட்டால் இன்னும் நல்லது.